இருபது பிள்ளைகளுக்கு உரக்க வாசிக்கப் படப்புத்தகம்: எதைப் பார்த்து எடுப்பது?

கிளைநூலகத் தோழி | ஞாயிறு, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். மன்னார்குடிப் பக்கம் ஒரு கிளை நூலகத்தில் வாசகர் வட்டம் சார்பில் சனிக்கிழமைதோறும் காலை பத்தரைக்குக் கதை நேரம் நடத்துகிறோம். ஏழு மாதமாக நான்தான் வாசிக்கிறேன். இருபது, இருபத்திரண்டு பிள்ளைகள் வருகிறார்கள். மூன்று வயதும் உண்டு, ஒன்பது வயதும் உண்டு. அக்காமார்கள் தம்பி தங்கைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள், வேண்டாம் என்று சொல்ல மனம் வருவதில்லை.

நேற்று நான் எடுத்துப் போனது, என் மகளுக்கு மடியில் வைத்து முப்பது தடவையாவது வாசித்த புத்தகம். மழைக்கு முன்னால் வீடு தேடி அலையும் எறும்பின் கதை. அளவு என் உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிது. படங்கள் மெல்லிய பேனாக்கோட்டில் இருக்கும், புல்லுக்குள் புல்லாக எறும்பு ஒளிந்திருக்கும். வீட்டில் அதைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் இருவருக்கும் விளையாட்டு. நூலகத்தில் மூன்றாம் பக்கத்திலேயே பின்வரிசை எழுந்துவிட்டது. "எறும்பு எங்க மிஸ்? காட்டுங்க மிஸ்!" ஆறாம் பக்கம் வந்தபோது என் முழங்காலைச் சுற்றி ஒன்பது பேர். சின்னவன் ஒருவன் நசுங்கி அழ ஆரம்பித்தான். புத்தகத்தை மூடிவிட்டு மீதிக் கதையை வாயால் சொல்லி முடித்தேன்.

நூலகத்தில் நாற்பது படப்புத்தகம் இருக்கின்றன. புரவலர் ஒருவர் இன்னும் ஐயாயிரம் ரூபாய்க்கு வாங்கித் தருகிறேன் என்கிறார். பட்டியல் கொடுக்க வேண்டியது நான். கதை நல்ல கதையா என்று மட்டும் பார்த்து எடுத்தால் போதாது என்று நேற்றுப் புரிந்துவிட்டது. வேறு எதைப் பார்க்க வேண்டும்?

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. புத்தகத்தில் "குரங்கு மரத்தின் மீது ஏறி அமர்ந்தது" என்று இருந்தால் அப்படியே வாசிக்கிறீர்களா, "ஏறி உக்காந்துச்சு" என்று மாற்றிக்கொள்கிறீர்களா?

பால்வாடி டீச்சர் | ஞாயிறு, இரவு 10.02

தங்கச்சி, நீங்கள் தப்பான புத்தகம் எடுக்கவில்லை. மடிப் புத்தகத்தைக் கூட்டத்துக்குக் கொண்டுபோய்விட்டீர்கள், அவ்வளவுதான். இரண்டும் வேறு வேறு சாதனம். குத்துவிளக்கும் தெருவிளக்கும் போல.

இருபத்தேழு வருடம் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். புத்தகம் தேர்ந்தெடுக்க நான் செய்வது இதுதான். பிள்ளைகள் வருவதற்கு முன்னால் புத்தகத்தை ஸ்டூல் மேல் விரித்துச் சாய்த்து வைப்பேன். பிறகு கடைசி வரிசைப் பிள்ளை உட்காரும் இடத்துக்குப் போய் தரையில் உட்காருவேன். நின்று பார்க்கக் கூடாது, பிள்ளையின் கண் மட்டத்திலிருந்து பார்க்க வேண்டும். அங்கிருந்து "யார் இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள்" என்பது எனக்குத் தெரிந்தால் புத்தகம் தேறியது. தெரியாவிட்டால் எவ்வளவு அழகான ஓவியமாக இருந்தாலும் அது மடிக்குத்தான்.

அடுத்து வாய்ச் சோதனை. யாரும் இல்லாதபோது முழுப் புத்தகத்தையும் சத்தமாக வாசியுங்கள். கண்ணால் படித்தபோது சரியாகப் பட்ட வாக்கியம் வாயில் போட்டதும் மாட்டிக்கொள்ளும். மூன்று இடத்தில் தடுக்கினால் அந்தப் புத்தகத்தை நான் விட்டுவிடுவேன். நமக்கே தடுக்கினால் கேட்கிற பிள்ளை எப்போதோ விட்டுவிட்டது என்று அர்த்தம்.

நேரத்தையும் பாருங்கள். மூன்று வயதுக்காரர்கள் இருக்கும் கூட்டத்தில் ஒரு புத்தகத்துக்கு ஏழு நிமிடம், மிஞ்சினால் எட்டு. பக்கத்துக்கு இரண்டு மூன்று வரி இருந்தால் சரியாக வரும். ஒரு பக்கத்தில் எட்டு வரி இருந்தால், பிள்ளைகள் படத்தைப் பார்த்து முடித்து, பக்கத்துப் பிள்ளையையும் பார்த்து முடித்துவிடுவார்கள்.

அச்சுக்கூடத்துக்காரர் | திங்கள், காலை 6.40

சிவகாசியில் முப்பது வருடம் ஆப்செட் அச்சில் இருந்தவன். வாசிப்பவர்கள் கவனிக்காத சில சங்கதிகள் காகிதத்திலேயே இருக்கின்றன. சொல்லுகிறேன்.

பளபள ஆர்ட் பேப்பரில் அச்சடித்த புத்தகத்தை டியூப்லைட்டுக்குக் கீழே விரித்தால் படத்தின் மேல் ஒரு வெள்ளைப் பட்டை விழும். பிடித்திருப்பவருக்கு அது தெரியாது, எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு யானையின் தலை இருக்கும் இடத்தில் வெளிச்சம் மட்டும்தான் தெரியும். கூடியவரை பளபளப்பில்லாத மேட் தாளாகப் பாருங்கள். மேப்லித்தோ என்னும் பூச்சில்லாத சாதாரண அச்சுத்தாளில் வந்ததாக இருந்தாலும் சரி. நிறம் கொஞ்சம் மங்கும், கண் கூசாது. கடையில் வாங்கும்போதே விளக்குக்குக் கீழே சாய்த்துப் பார்த்துவிடலாம்.

அடுத்தது பைண்டிங். முதுகில் பசை போட்டு ஒட்டிய புத்தகம் முழுசாக விரியாது, நடுப்பகுதி பள்ளத்துக்குள் போய்விடும். இரண்டு பக்கமும் பரவிய படத்தில் கதாநாயகன் நடுவில் நின்றால், பள்ளம் அவன் மூக்கை விழுங்கிவிடும். சென்டர் பின், அதாவது நடுமடிப்பில் கம்பிப் பின் அடித்தது, நன்றாக மல்லாந்து விரியும், ஒற்றைக் கையால் பிடிக்கலாம், எடையும் குறைவு. விலை குறைந்த புத்தகங்கள் பெரும்பாலும் சென்டர் பின்தான். கதை நேரத்துக்கு அந்த மலிவே வசதி.

பக்கக் கணக்கும் தெரிந்திருந்தால் நல்லது. ஒரு தாளை மடித்தால் எட்டு, பதினாறு என்றுதான் பக்கம் வரும். அதனால்தான் படப்புத்தகங்கள் 16, 24, 32 பக்கங்களில் நிற்கின்றன. பெயர்ப் பக்கம், பதிப்பு விவரமெல்லாம் போக 32 பக்கப் புத்தகத்தில் கதைக்குக் கிடைப்பது பன்னிரண்டு, பதினான்கு விரிப்பு (எதிரெதிர்ப் பக்கம் இரண்டும் சேர்ந்தது ஒரு விரிப்பு). கதையை எழுதுகிறவர் அத்தனை தடவைதான் பக்கத்தைத் திருப்ப வைக்க முடியும். நல்ல புத்தகத்தில் ஒவ்வொரு திருப்பலுக்கும் ஒரு காரணம் இருக்கும்.

மொழிபெயர்ப்பு மேசை | திங்கள், காலை 11.25

அச்சுக்கூட ஐயா கடைசியாகச் சொன்னதைப் பிடித்துக்கொள்கிறேன். அது என் தொழிலின் தலைவலி.

என் கைக்கு வரும் தமிழ்ப் படப்புத்தகங்களில் பாதிக்கு மேல் மொழிபெயர்ப்புதான். ஆங்கிலத்தில் வினை முன்னால் வரும், யார் மேல், எதன் மேல் என்பதெல்லாம் பின்னால் வரும். அதனால் வலப்பக்கத்தின் கடைசியில் "பூனை குதித்தது" என்பதோடு நிறுத்தி, பக்கத்தைத் திருப்பினால் "யானையின் முதுகில்!" என்று இரண்டு பக்கத்தையும் அடைத்துக்கொண்டு ஒரு யானையைக் காட்ட முடிகிறது. தமிழில் இலக்கணப்படி எழுதினால் "பூனை யானையின் முதுகில் குதித்தது." பக்கம் திரும்புவதற்கு முன்னாலேயே யானை வந்து நின்றுவிட்டது. இனி திருப்பி என்ன?

நல்ல மொழிபெயர்ப்பாளர் இதை வேறு விதமாகக் கட்டுவார். "பூனை ஒரே தாவாகத் தாவியது. எங்கே போய் விழுந்தது?" என்று கேட்டு நிறுத்துவார். அல்லது நாம் பேசும்போது செய்வதையே செய்வார்: "குதித்தது பார், யானை மேல!" பேச்சில் வினையை முன்னால் தள்ளி ஆளைப் பின்னால் கொண்டுவர நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எழுதும்போதுதான் கை வரமாட்டேன் என்கிறது.

ஆகவே தோழி, கடையில் நேரம் இல்லையென்றால் கதை முழுவதையும் வாசிக்க வேண்டாம். ஒவ்வொரு வலப்பக்கத்தின் கடைசி வரியையும் அடுத்த பக்கத்தின் முதல் வரியையும் மட்டும் வாசியுங்கள். அங்கே இழுப்பு இருந்தால் புத்தகம் நல்லது. கதை முதலிலேயே தமிழில் எழுதப்பட்டதா, மாற்றப்பட்டதா என்பதும் அந்த இடங்களில்தான் தெரிந்துவிடும்.

இன்னொரு அடையாளமும் சொல்கிறேன். "மரக்கிளையில் அமர்ந்திருந்த, பச்சை நிறத் தொப்பி அணிந்த, பசியோடிருந்த குரங்கு" என்று ஒரு வாக்கியம் கிடந்தால் அந்தப் புத்தகத்தைக் கீழே வைத்துவிடுங்கள். நம் மொழியில் அடைமொழியெல்லாம் பெயருக்கு முன்னால்தான் வரும். கேட்கும் பிள்ளை தொப்பியையும் பசியையும் கையில் பிடித்துக்கொண்டு, யாருக்கு என்று தெரியாமல் காத்திருக்க வேண்டும். "ஒரு குரங்கு. பச்சைத் தொப்பி போட்டிருந்தது. அதற்குப் பசி." இதில் பிள்ளைக்குக் குரங்கு முதல் மூச்சிலேயே கிடைத்துவிடுகிறது.

ரெட்டைப்பிள்ளை அப்பா | திங்கள், இரவு 8.15

எழுத்தா பேச்சா என்ற கேள்விக்கு என் பதில்: மாற்றித்தான் வாசிக்க வேண்டும். என் மகன்களுக்கு மூன்றரை வயது. "அமர்ந்தது" என்றால் என்ன என்று கேட்கிறார்கள். "உக்காந்துச்சு" என்றால் கேட்பதில்லை, சிரிக்கிறார்கள். கதையின் இன்பத்துக்குக் குறுக்கே நிற்கும் சொல்லை எதற்குத் தூக்கிச் சுமக்க வேண்டும்?

தமிழாசிரியர், ஓய்வு | திங்கள், இரவு 9.50

தம்பி, நான் மாறுபடுகிறேன். நாற்பது வருடம் அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை தமிழ் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பிள்ளை வீட்டில் கேட்பது "வந்துச்சு, போச்சு." முதல் வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்கும்போது முன்னால் வருவது "வந்தது, சென்றது." எழுத்தும் புதிது, மொழியும் புதிது. இரண்டு சுமையை ஒரே நாளில் ஏற்றுகிறோம். புத்தகத் தமிழைக் காதால் முன்பே கேட்டுப் பழகிய பிள்ளைக்கு எழுத்து மட்டும்தான் புதிது. அந்தக் காதுப் பழக்கம் எங்கே கிடைக்கும்? செய்தியிலா? கதை நேரத்தில்தான் கிடைக்க வேண்டும். அங்கே அது பாடமாக வராமல் குரங்காகவும் யானையாகவும் வருகிறது.

"அமர்ந்தது என்றால் என்ன?" என்று உங்கள் மகன் கேட்டானே, அது கதைக்குக் குறுக்கே நின்றதாக நான் நினைக்கவில்லை. படத்தைக் காட்டுங்கள், குரங்கு உட்கார்ந்திருக்கும். கேள்வி தீர்ந்தது. ஒரு சொல் சேர்ந்தது.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எல்லா எழுத்துத் தமிழும் ஒன்றல்ல. "சொன்னது" என்று எழுத வேண்டிய இடத்தில் "கூறியது", "ஓடியது" என்னும் இடத்தில் "விரைந்தது", "பார்த்தது" என்னும் இடத்தில் "நோக்கியது" என்று எழுதிக் குவிக்கும் புத்தகங்களை நானும் எடுக்க மாட்டேன். அது பிள்ளைக்காக எழுதியது அல்ல.

கதிரையும் கச்சானும் | செவ்வாய், காலை 7.30

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கட முன்பள்ளியில் கிழமைக்கு மூன்று நாள் கதை வாசிக்கிறோம். புத்தகங்களில் பாதி தமிழ்நாட்டிலிருந்து வருகிறவை.

ரெட்டைப்பிள்ளை அப்பா சொல்லுறது உங்கட வீட்டுக்குச் சரி. ஆனால் "உக்காந்துச்சு" என்று அச்சடித்தே வந்தால் எங்கட பிள்ளைகளுக்கு அதுதான் அந்நியம். நாங்கள் வீட்டில் "இருங்கோ" என்றுதான் சொல்லுவம். "அமர்ந்தது" எங்களுக்கும் உங்களுக்கும் சம தூரத்தில் இருக்கிற சொல். எழுத்துத் தமிழில் வந்தால் நான் வாசிக்கும்போது எங்கட பேச்சுக்கு மாற்றிக்கொள்ளலாம், நீங்கள் உங்கட பேச்சுக்கு மாற்றிக்கொள்ளலாம். சென்னைப் பேச்சில் வந்தால் நான் முதலில் அதை அவிழ்த்துப் பிறகு கட்ட வேண்டும்.

பொருட்பெயர் ஒரு தடையே இல்லை. போன கிழமை ஒரு புத்தகத்தில் "நாற்காலி" வந்தது. படத்தைப் பார்த்ததும் பிள்ளைகள் எல்லாரும் "கதிரை!" என்று கத்தினார்கள். "ஓம், கதிரைதான். இந்தப் புத்தகம் எழுதின மாமி இருக்கிற ஊரில் அதை நாற்காலி என்று சொல்லுவினம்" என்றேன். அதுக்குப் பிறகு ஒரு பெட்டை முழுப் புத்தகத்திலும் "இதுக்கு அந்த ஊரில் என்ன பேர்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கடலைக்குக் கச்சான் என்று நாங்கள் சொல்லுறதை அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு யார் சொல்லுறது என்றும் கேட்டாள். இப்ப நான் சொல்லிவிட்டேன்.

பால்வாடி டீச்சர் | செவ்வாய், பிற்பகல் 2.20

இலங்கைத் தங்கச்சி சொன்னது மனதுக்கு நிறைவாக இருக்கிறது.

நான் நடைமுறையில் செய்வதைச் சொல்கிறேன். கதை சொல்லும் வரிகளைப் புத்தகத்தில் உள்ளபடியே வாசிப்பேன். பாத்திரங்கள் பேசும் வரி வந்தால் எங்கள் ஊர் வாய்க்கு மாற்றிவிடுவேன். "'நீ எங்கே செல்கிறாய்?' என்று நரி கேட்டது" என்று இருந்தால், "'எங்கடா போற?'" என்று நரிக் குரலில் சொல்லிவிட்டு, "என்று நரி கேட்டது" என்பதை என் குரலில் வாசிப்பேன். சார் கேட்ட புத்தகத் தமிழும் காதில் விழுகிறது, தம்பி கேட்ட சிரிப்பும் வருகிறது. அதனால் உரையாடல் நிறைய இருக்கிற புத்தகமாக எடுப்பேன்.

கூடவே, திரும்பத் திரும்ப வரும் ஒரு வரி வேண்டும். மூன்றாவது தடவை நான் வாயை மூடிக்கொண்டு பிள்ளைகளைப் பார்ப்பேன், அவர்கள் சொல்லிவிடுவார்கள். அந்த வரியில் நம் இரட்டைக்கிளவி ஒன்று இருந்துவிட்டால் போதும். தடதட, மொறுமொறு, குடுகுடு, சலசல. மூன்று வயதுப் பிள்ளைக்குக் கதை புரியாவிட்டாலும் "தடதட" வரும்போது அதற்கும் வேலை இருக்கிறது. வேறு மொழியிலிருந்து வந்த சத்தத்தை அப்படியே எழுத்துப் பெயர்த்து வைத்திருந்தால் நான் அடித்துவிட்டு நம் சத்தத்தைப் போட்டுக்கொள்வேன். நம் ஊரில் நாய் குரைப்பதும் கதவு சாத்துவதும் நமக்குத் தெரிந்த சத்தத்தில்தான்.

சிங்கை அம்மா | செவ்வாய், இரவு 10.40

சிங்கப்பூரிலிருந்து. எங்களுக்குப் பிரச்சினை வேறு. பல வீடுகளில் பிள்ளைகள் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்கிறார்கள். பேச்சுத் தமிழே அரிதாகிவிட்டது. 2005இல் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்தபோது, வகுப்பிலேயே பேச்சுத் தமிழைப் பழக்க வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றதற்கு அதுதான் காரணம். அதனால் இங்கே கதை நேரத்தில் பேச்சுத் தமிழில் வாசிப்பதை யாரும் குறையாக நினைப்பதில்லை.

இருமொழிப் புத்தகம் பற்றி ஒரு வார்த்தை. 1996இல் தொடங்கிய சென்னையின் தூலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த படப்புத்தகங்கள் போடுகிறது. எங்களைப் போன்ற வீடுகளுக்கு அவை பெரிய துணை. அப்பா தமிழ் வரியையும் மகள் ஆங்கில வரியையும் வாசிக்கலாம். ஆனால் கூட்டத்தில் வாசிக்கும்போது ஒவ்வொரு வரியையும் இரண்டு மொழியிலும் வாசித்தால் கதை நொண்டுகிறது. பிள்ளைகள் தமிழ் வரி முடியும்வரை சும்மா இருந்துவிட்டு ஆங்கில வரிக்கு மட்டும் காது கொடுக்கப் பழகிவிடுகிறார்கள். நான் ஒட்டி எடுக்கக்கூடிய மஞ்சள் சீட்டால் ஆங்கிலத்தை மறைத்துவிடுவேன். புரியாத இடத்துக்குப் படமும் என் கையும் முகமும் போதும்.

கடலோரத் தன்னார்வலர் | புதன், காலை 9.05

நாகப்பட்டினம் பக்கம் மீனவக் குடியிருப்பில் இல்லம் தேடிக் கல்வி வகுப்பு எடுத்தேன், 2021 கடைசியில் தொடங்கியது. அங்கே கற்றது ஒன்று.

கடல் பற்றிய புத்தகம் ஒன்று வாசித்தேன். படம் பெரியது, வரி சின்னது, டீச்சரம்மா சொன்ன எல்லாச் சோதனையிலும் தேறக்கூடியது. ஒரு பக்கத்தில் மீன் கூட்டம், கீழே "நெத்திலிகள் நீந்தின" என்று இருந்தது. ஏழு வயதுப் பையன் எழுந்தான். "மிஸ், அது நெத்திலி இல்ல, மத்தி. நெத்திலிக்கு ஒடம்பு ஒல்லியா, கண்ணாடி மாதிரி இருக்கும். இது வயிறு அகலம்." சரியாகத்தான் சொன்னான். அடுத்த பக்கத்தில் வலை இழுக்கிற படம். வலையை அப்படிப் பிடித்தால் கை அறுந்துபோகும் என்றாள் இன்னொருத்தி. கதை அங்கேயே நின்றுபோனது. அடுத்த முக்கால் மணி நேரம் அவர்கள்தான் எனக்குக் கடலைச் சொல்லித் தந்தார்கள். அது நல்ல மணி நேரம்தான். ஆனால் தங்கள் அப்பாவின் வேலையை ஒருவர் பார்க்காமலே வரைந்திருக்கிறார் என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டது.

எனவே உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்த விஷயத்தைப் பற்றிய புத்தகம் என்றால் படத்தை இரண்டு மடங்கு கவனமாகப் பாருங்கள். மன்னார்குடி என்றால் நாற்று நடவு, வாய்க்கால், கொக்கு. நாற்றைப் பிடிக்கிற கை சரியாக இருக்கிறதா?

வீடுகளையும் முகங்களையும் பாருங்கள். எல்லா வீட்டிலும் சோபா, எல்லாப் பிள்ளையும் வெளுப்பு என்றிருக்கும் பத்துப் புத்தகத்தை அடுத்தடுத்து வாசித்தால், கேட்கிற பிள்ளை தன் வீட்டைக் கதைக்கு வெளியே வைத்துவிடும்.

உளவியல் மாணவி | புதன், மதியம் 1.15

ஒரு சின்னக் குறிப்பு. அமெரிக்காவில் குரோவர் ஒயிட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோர் சும்மா வாசித்துப் போகாமல் "இது என்ன செய்கிறது?", "அப்புறம் என்ன ஆகும்?" என்று கேட்டுக் கேட்டு வாசித்தபோது இரண்டு வயதுப் பிள்ளைகளின் பேச்சு ஒரே மாதத்தில் தெரியும்படி வளர்ந்தது. அதைப் படித்துவிட்டுக் கதை நேரத்திலும் பக்கத்துக்கு ஒரு கேள்வி கேட்கிறவர்களைப் பார்க்கிறேன். அந்த ஆய்வு மடியில் இருக்கும் ஒற்றைப் பிள்ளையை வைத்துச் செய்தது. இருபது பேரிடம் கேட்டால் இருபது கை எழும், கதை போய்விடும். கூட்டத்துக்கு இரண்டே நிறுத்தம் போதும், மீதிக் கேள்விகளை முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கிளைநூலகத் தோழி | புதன், இரவு 9.30

எவ்வளவு சொல்லியிருக்கிறீர்கள்! எல்லோருக்கும் நன்றி. டீச்சர் அக்கா சொன்னபடி இன்று மாலை நூலகம் மூடிய பிறகு நாற்பது புத்தகத்தையும் ஸ்டூலில் வைத்துச் சுவரோரம் தரையில் உட்கார்ந்து பார்த்தேன். கண்ணுக்குத் தேறியவை பத்தொன்பது. வாய்ச் சோதனையில் எட்டு விழுந்தன. பதினொன்று மீதி. அதில் நான்கு புத்தகம் "ஆகவே குழந்தைகளே" என்று முடிகின்றன. கடைசிப் பக்கத்தை விட்டுவிட்டு வாசிக்கலாமா?

புரவலர் பணத்துக்கு எங்கே வாங்குவது என்றும் சொல்லுங்கள்.

பால்வாடி டீச்சர் | புதன், இரவு 10.10

தாராளமாக விடுங்கள். அந்தப் பக்கம் வந்ததும் பிள்ளைகள் எழுந்து பாவாடையைத் தட்டிக்கொள்வதை நான் வருடக்கணக்காகப் பார்க்கிறேன். கதை அதற்கு முந்தைய பக்கத்திலேயே முடிந்துவிட்டது என்று அவர்களுக்குத் தெரியும்.

மொழிபெயர்ப்பு மேசை | வியாழன், காலை 10.45

வாங்குவது பற்றி. முதலில், காசு கொடுக்காமல் கிடைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் ஏராளம். திறந்த உரிமத்தில் இருப்பதால் பதிவிறக்கி அச்செடுக்கலாம், சுவரில் பெரிதாகக் காட்டலாம், வாசிப்பு நிலையைப் பார்த்துப் பொறுக்கலாம். முதல் நிலையிலும் இரண்டாம் நிலையிலும் தேடுங்கள். மொழிபெயர்ப்புத் தரம் ஏற்ற இறக்கமாக இருக்கும், பல கைகள் செய்தது. பக்கம் திரும்பும் இடச் சோதனையை அங்கே கட்டாயம் செய்யுங்கள். இன்னொரு வசதி: உரிமம் அனுமதிப்பதால் தடுக்குகிற வரியை நீங்களே திருத்தி அச்செடுக்கலாம்.

பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களும் பக்கத்துப் பள்ளியில் இருக்கும். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படி. அவை பிள்ளை தானே வாசிப்பதற்காகச் செய்தவை, அதனால் அளவு சின்னது. ஆனால் 'நுழை' வரிசையின் வாக்கியங்கள் வாய்க்கு எளிதானவை. ஆறேழு வயதுக்காரர்கள் கதை நேரத்தில் தாங்களே ஒரு பக்கம் வாசிக்க அவற்றை வைத்துக்கொள்ளலாம்.

காசு கொடுத்து வாங்குவதில், நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புத்தகாலய வரிசை விலை குறைவு. பழைய தலைப்புகளில் சிலவற்றின் தமிழ் கொஞ்சம் விறைப்பாக இருக்கும், புரட்டிப் பார்த்து எடுங்கள். பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ரன், தூலிகா இரண்டிலும் நல்ல பெரிய படங்கள் உண்டு. தாரா புக்ஸ் சென்னையில் 1994 முதல் இருக்கிறது. கையால் திரை அச்சு செய்த அவர்கள் புத்தகங்களைப் பிள்ளைகள் வாழ்நாளில் ஒரு தடவையாவது தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. மை தாளின் மேல் மேடாக விரலுக்குத் தட்டுப்படும். ஆனால் விலை அதிகம். ஐயாயிரத்தில் அதற்கு ஒன்றுக்கு மேல் ஒதுக்க வேண்டாம். அதைக் கதை நேரத்துக்குப் பிறகு கை கழுவிவிட்டு நாலு நாலு பேராக உட்கார்ந்து பார்க்க வையுங்கள்.

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கு வர முடிந்தால் எல்லாவற்றையும் ஒரே நாளில் விரித்துப் பார்க்கலாம். கூட யாரையாவது அழைத்து வாருங்கள். ஒருவர் பிடித்திருக்க, மற்றவர் எட்டு அடி தள்ளி நின்று பார்க்க வேண்டும்.

அச்சுக்கூடத்துக்காரர் | வியாழன், பகல் 12.00

ஒன்று விட்டுப்போயிற்று. புத்தகத்தைப் பிள்ளைகள் பக்கம் திருப்பிப் பிடித்தால் வரி உங்களுக்குத் தெரியாது, கழுத்தைத் திருப்பித் திருப்பி வாசிக்க வேண்டும். ஜப்பானில் கமிஷிபாய் என்று ஒரு படக்கதை முறை உண்டு. மரச்சட்டத்துக்குள் பட அட்டைகள் அடுக்கி இருக்கும். கதை வரி அட்டையின் பின்பக்கம். சொல்பவர் பின்பக்கத்தை வாசிப்பார், பிள்ளைகள் முன்பக்கத்தைப் பார்ப்பார்கள். 1930களில் அங்கே தெருத்தெருவாகச் சைக்கிளில் கொண்டுபோய் மிட்டாய் விற்றுக்கொண்டே கதை சொன்னார்கள்.

நூலகப் புத்தகத்தில் எழுதவோ ஒட்டவோ கூடாது. கதை முழுவதையும் ஒரு தாளில் பெரிதாக எழுதிப் பின்னட்டையில் கிளிப் போட்டு மாட்டிக்கொள்ளுங்கள். புத்தகம் விரிந்திருக்கும்போது பின்னட்டை உங்கள் கண்ணுக்கு நேரே இருக்கும். ஸ்டோரிவீவரில் அச்செடுப்பதாக இருந்தால் ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டு, தடித்த அட்டையில் ஒட்டி, வரியைப் பின்னால் எழுதினால் உங்களிடமே கமிஷிபாய் இருக்கிறது.

கிளைநூலகத் தோழி | சனி, மதியம் 12.50

இப்போதுதான் வந்தேன். உடனே எழுதாவிட்டால் மறந்துவிடும்.

இன்று இரண்டு புத்தகம். முதலாவது பதினாறு பக்கம், சென்டர் பின். ஒரு பாட்டி சந்தையிலிருந்து பூசணிக்காயை உருட்டிக்கொண்டு வருகிற கதை. ஒவ்வொரு பக்கத்திலும் பூசணி பெரிதாக, மஞ்சளாக, கடைசிச் சுவரிலிருந்தும் தெரிகிறது. வரியைப் பின்னட்டையில் மாட்டிக்கொண்டேன். ஏழு மாதத்தில் முதல் தடவையாக வாசிக்கும்போதே பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தேன். யாருக்கு எந்த இடத்தில் கண் விரிகிறது என்று இதுவரை எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

"உருண்டது, உருண்டது, கடகடகட" என்று ஒரு வரி திரும்ப வருகிறது. இரண்டாவது தடவையிலேயே சேர்ந்துகொண்டார்கள். பாட்டி பேசும் வரிகளை என் ஆச்சியின் பேச்சில் சொன்னேன். மற்றதெல்லாம் அச்சில் உள்ளபடி. "பூசணி நின்றது" என்று வாசித்தபோது நாலு வயதுக்காரி ஒருத்தி மெதுவாகத் தனக்குள் "நின்னுச்சு" என்றாள். சார் சொன்னதும் டீச்சர் அக்கா சொன்னதும் அந்தப் பிள்ளைக்குள்ளேயே நடக்கிறது என்று தோன்றியது.

முடிந்ததும் "இன்னொரு வாட்டி!" என்றார்கள். இரண்டாவது புத்தகத்தை எடுக்கவே விடவில்லை. அதையே மறுபடி வாசித்தேன். மூன்றாவது தடவை அவர்களே பக்கத்தைத் திருப்பினார்கள், எல்லோரும் ஒன்றாக. அதில் நடுத்தாள் பின்னிலிருந்து கழன்று வந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமையும் இதே புத்தகம்தான் வேண்டுமாம். அச்சுக்கூட ஐயா, டேப் போட்டு ஒட்டலாமா?

அச்சுக்கூடத்துக்காரர் | சனி, மாலை 4.20

டேப் வேண்டாம் அம்மா. கோடை வெயிலில் பசை உருகி மஞ்சளாகும், பக்கம் பக்கமாக ஒட்டிக்கொள்ளும்.

பழைய பின்னைக் கத்திமுனையால் நெம்பி எடுத்துவிடுங்கள், துருப்பிடித்த பின் பிள்ளைகள் கையைக் கீறும். எல்லாத் தாளையும் ஒழுங்காக அடுக்கி, நடுமடிப்பில் மூன்று ஓட்டை போடுங்கள்: நடுவில் ஒன்று, மேலும் கீழும் ஓரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி ஒவ்வொன்று. தடித்த வெள்ளை நூலை ஊசியில் கோத்து உள்பக்கத்திலிருந்து நடு ஓட்டை வழியாக வெளியே எடுங்கள். மேல் ஓட்டை வழியாக உள்ளே. உள்ளேயே நடு ஓட்டையைத் தாண்டிப்போய்க் கீழ் ஓட்டை வழியாக வெளியே. மறுபடி நடு ஓட்டை வழியாக உள்ளே. இப்போது இரண்டு நுனியும் உள்ளே இருக்கும், நடுவில் ஓடும் நீள நூலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அந்த நூலையும் சேர்த்து இரண்டு முடிச்சு போட்டு வெட்டிவிடுங்கள். பத்து நிமிட வேலை. பின்னை விட நன்றாக விரியும்.